ஸர் பாட்ரிக் கெட்டிஸ்

திருப்பூர் இரயில் நிலையத்திற்கு அணித்தாயுள்ள காதர்பேட்டையைக் காணாதார் நம்முள் சிலரே ஆவர். பனியன் மொத்த வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற அப்பேட்டையின் குறுகிய தெருக்களில், பண்டல் சுமப்போரும், சரக்கு ஆட்டோக்களும், இருசக்கர வண்டிகளும், வெளியூர் வியாபாரிகளும் ஒருவரையொருவர் நெருக்கிச் செல்வது நாள்தோறும் காணும் காட்சி. இந்நெருக்கடிக்குப் பரிகாரம் யாது என வினவின், கடைகளை இடித்துத் தெருவை அகலமாக்குக என்பார் ஒரு சாரார். அது அதிகாரிகள் பாடு, நமக்கென்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளையும் ஏலாது, மூன்றாவதொரு வழியைத் தமிழகத்துத் தெருக்களில் நடந்தே கண்டு காட்டிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் ஊரில் பாட்ரிக் கெட்டிஸ் பிறந்தார். உயிர்நூல் கற்று, ஆராய்ச்சியின் பொருட்டு 1879இல் மெக்ஸிகோ சென்றவிடத்துக் கண்ணொளி மங்கி, சில காலம் இருளறையில் இருக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நுண்ணிய பொருள்களைக் கருவிகொண்டு நெடிது நோக்குதல் இயலாதாயிற்று. செடிகொடிகளை ஆராய்ந்த அவ்வறிவு, மக்கள் கூடிவாழும் நகரங்களின்பால் திரும்பிற்று. 1888 முதல் டண்டீ நகரக் கலாசாலையில் தாவரநூற் பேராசிரியராய் விளங்கிய காலத்தும், இடமும் தொழிலும் மக்களும் ஒன்றையொன்று பற்றி வளர்வன என்பதே அவர் சிந்தையில் நிறைந்திருந்தது.

சிந்தித்ததோடு அவர் அமைந்தாரல்லர். 1886இல் அன்னா என்னும் நங்கையை மணந்தபின், எடின்பரோ பழநகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பில் வலியச் சென்று குடிபுகுந்தார். அயலாரோடு கூடிச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார், முற்றங்களைத் துப்புரவாக்கினார், பூச்செடிகளை வளர்ப்பித்தார். 1892இல் அந்நகரில் ஒரு கோபுரத்தைப் பெற்று, ஊரையும் நாட்டையும் உலகையும் அடுக்கடுக்காக விளக்கும் காட்சிசாலையாக்கினார்.

அக்காலத்துச் சென்னைக் கவர்னராயிருந்த பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியா போந்தார். அவருடைய நகரக் காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு பொழிந்த அதே எம்டன் கடலில் மூழ்குவித்தது. பல்லாண்டுத் தேட்டம் அழிந்தும் மனந்தளராது, நண்பர்கள் அனுப்பிய புதுப் படங்களைக்கொண்டு 1915 ஜனவரியில் சென்னையிற் காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார்.

அவருடைய முறை மருத்துவர் முறையாகும். நோயும் அதன் காரணமும் தெரிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காலந்தொட்டு நாம் அறிந்ததன்றோ? தஞ்சையில் நெருங்கிய ஒரு பகுதியினூடே நேர்வீதிகளை வெட்டி வீடுகளை இடிக்க நகராட்சி எண்ணியது. கெட்டிஸோ சந்துதோறும் நடந்து பார்த்தார். இருக்கும் வழிகளையே சிறிது அகற்றி, பாழ்வீடுகள் சிலவற்றை மட்டும் நீக்கி, அவ்விடங்களில் மரநிழலுள்ள சிறு வெளிகளை அமைத்தால், குடிகளும் கலையார், செலவும் மிகக் குறையும் என்று வரைந்து காட்டினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோருக்கு, மீன்களை விட்டுக் கொசுப் புழுக்களை ஒழிக்கலாமென்று உரைத்தார். தேரோடும் வீதிகள் சூழ்ந்த நம் கோயில் நகரங்களில் நகரமைப்பின் உயர்ந்த அறிவைக் கண்டு வியந்தார்.

1917இல் அவருடைய மூத்த மைந்தர் பிரெஞ்சு நாட்டுப் போர்க்களத்தில் மாண்டார். அவ்வாண்டே மனைவியாரும் கல்கத்தாவில் காலமானார். அத்துயர்களினிடையும் அவர் பணி நின்றிலது. கொள்ளைநோயால் வாடிய இந்தூரில், ஒருநாள் மஹாராஜாவாக இருக்க அனுமதி பெற்று, தீபாவளி ஊர்வலமொன்றை ஏற்பாடு செய்தார். எத்தெருவார் தம் வீடுகளை நன்கு துப்புரவாக்குகின்றனரோ அத்தெரு வழியே ஊர்வலம் வரும் என்று பறைசாற்றினார். குப்பை வண்டி வண்டியாக அகன்றது. இழிவாய் எண்ணப்பட்ட துப்புரவுத் தொழிலாளர் புத்தாடை புனைந்து ஊர்வலத்தில் பெருமையுடன் நடந்தனர். ஆணையால் ஆகாதது மக்கள் ஈடுபாட்டால் ஆயிற்று.

1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூகநூற் பேராசிரியராயிருந்தார். 1925இல் டெல் அவீவ் நகருக்கு அமைப்புத் திட்டம் வகுத்தார். 1932இல் ஸர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிரெஞ்சு நாட்டு மோண்ட்பெலியேயில் உயிர் நீத்தார். அவர் யோசனைகள் பல ஏட்டளவில் நின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊரைப் பாராது படத்தைப் பார்த்து இடிக்கக் கருதியோரைக் கடிந்தமையால் பலருடைய வெறுப்புக்கும் ஆளானார்.

எனினும் அவர் காட்டிய வழி நமக்கு அடைபட்டதன்று. 1917இல் நகராட்சியான திருப்பூர் 2008இல் மாநகராட்சியாயிற்று. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, பெருந்திட்டத்தின் வரைவு வெளியானபின் பொதுமக்கள் தம் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் எழுதித் தரலாம். 2022இல் வகுத்த விதிகளின்படி வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் இடமுண்டு. ஆயின் வெறுங்குறை கூறும் மனுவிற்கு வலிமை சிறிதே. பண்டல்கள் எந்நேரத்தில் இறங்குகின்றன, எம்மூலையில் வண்டிகள் முடங்குகின்றன, முதியோரும் பிள்ளைகளும் எங்கே கடக்கவியலாது நிற்கின்றனர், எக்கடை இடிபட்டால் எத்தனை குடும்பம் பிழைப்பிழக்கும் என்பவற்றை எண்ணி எழுதிய மனுவை எவரும் எளிதில் தள்ளிவிடார்.

ஆதலின் இனிக் காதர்பேட்டைக்குப் பனியன் வாங்கச் செல்லும் மாணவ நண்பர்கள், கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு, ஒரு நாழிகையேனும் அத்தெருவில் நின்று நோக்கி வருவார்களாக.