காத்திருக்கும் ஆன்மாக்களும் 22ஆம் யோவானும்

இறந்தவர் இப்போதே இறைவனைக் காண்கிறாரா, உலக முடிவுவரை காத்திருக்கிறாரா என்று அடக்கச் சடங்கு முடிந்ததும் கேட்பவர்கள் உண்டு. இதே கேள்வியில் ஒரு திருத்தந்தையே தடுமாறினார். அவர்தான் 22ஆம் யோவான்.

பிரான்சு நாட்டின் காஓர் நகரில் பிறந்தவர் ஜாக் துவேஸ். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காலியாய்க் கிடந்த பேதுருவின் பீடத்துக்கு 1316இல், முதிர்ந்த வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவிஞ்ஞோன் நகரிலிருந்து 18 ஆண்டுகள் திருச்சபையை ஆண்டார். தோமா அக்குவினாவை 1323இல் புனிதராக அறிவித்தவர் இவரே. 1329இல் நம் பக்கத்துக் கொல்லத்தை மறைமாவட்டமாக்கியவரும் இவரே என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1331ஆம் ஆண்டு, புனிதர் அனைவர் பெருவிழா. புனிதர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின்கீழ் இளைப்பாறுகின்றன, இறைவனை முகமுகமாய்க் காண்பதோ பொதுத் தீர்வைக்குப் பின்புதான் என்று மறையுரையில் விளக்கினார். திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரமே அவருக்கு ஆதாரம்.

இது அவரது கற்பனை அல்ல. பழைய இஸ்ரயேலர், நல்லவரும் தீயவரும் பாதாளத்தில் நிழல்போல் கிடப்பர் என்றே எண்ணினர். மக்கபேயர் காலத்து வேதகலாபனையில் நீதிமான்கள் கொல்லப்பட்டபோதுதான் உயிர்த்தெழுதல் நம்பிக்கை தானியேல் நூலிலும் 2 மக்கபேயர் நூலிலும் தெளிவாக வெளிப்பட்டது. உயிர்ப்புவரை ஆன்மாவின் நிலை என்ன? தொடக்கத் திருச்சபைத் தந்தையர் சிலரும் அது காத்திருக்கும் காலம் என்றே எழுதினர்.

ஆனால் மக்கள் புனிதர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்களே! இறைவனையே இன்னும் காணாதவர்கள் நமக்காக எப்படிப் பரிந்து பேசுவார்கள்? எதிர்ப்பு கிளம்பியது. 1333 சனவரியில் எதிர்த்து மறையுரையாற்றிய தொமினிக்கன் துறவி தாமஸ் வேலீஸ் சிறைவைக்கப்பட்டார். இது வருந்தத்தக்க செயலே. பாரிஸ் இறையியலாரும் திருத்தந்தையின் கருத்தை ஏற்கவில்லை. தாம் விசுவாசக் கோட்பாடாக எதையும் அறிக்கையிடவில்லை, ஓர் இறையியலாராகவே பேசியதாக அவர் விளக்கமளித்தார். பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர் அப்படிச் சொன்னதே பெரிது.

1334 டிசம்பர் 3. ஏறக்குறைய தொண்ணூறு வயது, மரணப் படுக்கை. கர்தினால்களை அழைத்து, தூய்மை பெற்ற ஆன்மாக்கள் உடலைப் பிரிந்த நிலையிலும் இறைவனை முகமுகமாய்க் காண்கின்றன என்று அறிக்கையிட்டுத் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். மறுநாள் இறந்தார்.

அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 சனவரி 29 அன்று இதைத் திருச்சபையின் போதனையாக அறிவித்தார். தூயோர் இறந்ததுமே இறைவனைக் காண்கின்றனர். உத்தரிக்க வேண்டியவர்கள் உத்தரித்து முடித்ததும் காண்கின்றனர். உடலின் உயிர்ப்புக்காக மட்டும் இறுதி நாள்வரை எல்லாரும் காத்திருக்கின்றனர்.