கப்பல் தலைவர் காலின்ஸ்

நெப்போலியன் என்றதும் பிரெஞ்சுப் பேரரசரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லப்போகும் நெப்போலியன் காலின்ஸ் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் 1814-இல் பிறந்தவர். 1834-இல் கடற்படையிற் சேர்ந்தார். மெக்சிகோப் போரைக் கண்டார். மெல்ல மெல்ல உயர்ந்தார். ஐம்பது வயதுவரை ஊர் பேசும்படி அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பிறகு ஓர் இரவு வந்தது.

1861-இல் அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கிற்குச் சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை இல்லை. ஆகவே விரைந்து செல்லும் சில கப்பல்களைக் கொண்டு, வடக்கின் வணிகக் கப்பல்களை நடுக்கடலில் வேட்டையாடினர். லிவர்ப்பூலில் கட்டப்பெற்ற ஃபுளோரிடா அவற்றுள் ஒன்று. 30க்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் கையில் சிக்கின. அதைப் பிடிப்பதே வாச்சூசெட் என்னும் வடக்குக் கப்பலின் தலைவரான காலின்ஸுக்குக் கனவாயிற்று.

1864 அக்டோபர் தொடக்கத்தில் ஃபுளோரிடா பழுது பார்க்கவும் நிலக்கரி ஏற்றவும் பிரேசிலின் பாகியாத் துறைமுகத்தை அடைந்தது. அங்கே காலின்ஸும் இருந்தார்! ஆனால் பிரேசில் நடுநிலை நாடு. அதன் துறைமுகத்துக்குள் இரு பகைவரும் விருந்தினரே. ஒருவர்மேல் ஒருவர் கை வைக்கலாகாது. ஃபுளோரிடாவின் தலைவர் மாரிஸ் அமைதி காப்பதாக வாக்களித்தார்; வடக்கின் சார்பில் கான்சல் வில்சனும் வாக்களித்தார். அது போதாதென்று பிரேசில் தன் போர்க்கப்பல் ஒன்றையும் இடையே நிறுத்தியது. வெளிக்கடலுக்கு வந்து போரிடுமாறு வடக்குத் தரப்பினர் அறைகூவினர்; மாரிஸ் இசையவில்லை.

அக்டோபர் 7, விடியற்காலை மூன்று மணி. மாரிஸும் மாலுமிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரும் கரையில் இருந்தனர். காலின்ஸ் நங்கூரத்தை விடுவித்து, முழு வேகத்தில் ஃபுளோரிடாவை நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். இடித்து மூழ்கடித்துவிட்டுப் போய்விடுவது திட்டம். பௌதிகம் படிக்கும் நண்பர்கள் கவனிக்கவும்: எடையும் வேகமும் இருந்தால் மட்டும் போதாது, படுகிற கோணமும் வேண்டும். அடி பின்புற ஓரத்தில் பட்டது. பாய்மரம் முறிந்தது, கப்பல் மூழ்கவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன, பீரங்கியும் முழங்கியது, சிலர் நீரில் குதித்தனர். எஞ்சியோர் சரணடைந்தனர். சுமார் 70 பேரோடு ஃபுளோரிடாவை வடத்தாற் கட்டி இழுத்துக்கொண்டு காலின்ஸ் வெளியேறினார். கோட்டை சுட்டது, பிரேசில் கப்பல்கள் துரத்தின, எட்டிப் பிடிக்க முடியவில்லை.

வடக்கில் மக்கள் ஆரவாரித்தனர். பிரேசிலோ கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? வலியவன் தன் முற்றத்தில் புகுந்து விருந்தாளியைக் கட்டி இழுத்துப் போனால், எளியவனுக்குச் சட்டத்தைத் தவிர வேறு துணை ஏது? விஞ்ஞான மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனினும் பிரேசில் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. வணிகக் கப்பல்களைக் காத்தார் என்ற ஒரு காரணத்துக்காக அவரை வீரரென்று வாழ்த்த என்னால் முடியவில்லை.

அமெரிக்க அரசு இச்செயல் தன் ஆணைப்படி நடந்ததன்று என அறிவித்தது. கான்சல் பதவி இழந்தார், கைதிகள் விடுதலையாயினர். கப்பலைத் திருப்பித் தர வழியில்லை. அது அமெரிக்கத் துறையில் வேறொரு கப்பலால் மோதுண்டு, நவம்பர் 28-இல் மூழ்கிப்போயிற்று. அது தற்செயல்தானா என்ற ஐயம் அன்றே எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

1865-இல் காலின்ஸ் கடற்படை நீதிமன்றத்தின் முன் நின்றார். அங்கேதான் அவரை நான் சற்று மதிக்கிறேன். கான்சல் தூண்டினார், அதிகாரிகள் உடன்பட்டனர் என்று பிறர்மேல் பழி போட்டிருக்கலாம், போடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டின் நன்மைக்கென்றே செய்தேன் என்பதை மட்டும் பதிவு செய்யச் சொன்னார். பதவி நீக்கம் என்பது தீர்ப்பு. 1866 ஜூலையில் பாகியாவில் பிரேசில் கொடிக்கு 21 குண்டு முழக்கி அமெரிக்கா மரியாதை செய்தது. அதே மாதம் காலின்ஸ் கேப்டனாக உயர்ந்தார்! செப்டம்பரில் கடற்படை அமைச்சர் வெல்ஸ் அந்தத் தீர்ப்பையே ஏற்க மறுத்தார். புகை அடங்குமுன் தண்டனையும் அடங்கிவிட்டது.

இனி வருவது, விசாகப்பட்டினத்தில் படிக்கும் நமக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி. சாக்ரமெண்டோ என்னும் போர்க்கப்பலுக்குத் தலைவராகக் காலின்ஸ் வங்கக் கடலுக்கு வந்தார். 1867 ஜூன் 19-இல் கோதாவரி முகத்துவாரத்தில், காக்கிநாடாவுக்குத் தெற்கே, கப்பல் தரைதட்டி நொறுங்கியது. உயிர்கள் அனைத்தும் தப்பின. ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அங்கே மேடுகளாகக் கிடக்கிறது. அயலார் அறிவது அரிது. அந்த மேட்டுக்கும் அங்குள்ள கலங்கரை விளக்கத்துக்கும் சாக்ரமெண்டோ என்றே பெயர். எங்கள் பகுதி மீனவரைக் கேட்டால் தெரியும் என்று தெலுங்கு நண்பர் ஒருவர் சொன்னார்.

இதற்கு மன்னிப்பு இல்லை. கப்பலை இழந்ததற்காகக் காலின்ஸைப் பணியிலிருந்து சில காலம் விலக்கி வைத்தனர். பிற நாட்டின் முற்றத்தில் புகுந்ததற்குக் கிடைக்காத தண்டனை, மணல்மேட்டில் ஏறியதற்குக் கிடைத்தது.

பின்னர் மீண்டும் பணி. 1874-இல் ரியர் அட்மிரல் பதவி. தென் பசிபிக் கடற்படைத் தொகுதியின் தலைமை. 1875 ஆகஸ்டில், பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்தில், பணியில் இருக்கும்போதே அவர் உயிர் நீத்தார்.