தம்பியப்பனுக்கு ஒரு பாட்டு

திருத்தணி மலைக்குப் படி ஏறிப் போயிருக்கீங்களா? மொத்தம் 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஆடிக் கிருத்திகை அன்று போனால் காவடியும் மொட்டைத் தலையுமாக நிற்க இடம் இருக்காது. அங்கே வருகிற பல பேருடைய வேண்டுதலுக்குப் பின்னால் வீட்டில் யாரோ ஒருவரின் நோய் இருக்கும். டாக்டர் பார்த்தாச்சு, மருந்தும் கொடுத்தாச்சு, இனி முருகன் பார்த்துக்கட்டும்னு ஏறி வந்தவங்க. அவங்களைப் பார்த்து நம்மில் சிலர் சிரிப்போம், சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ரெண்டுக்கும் நடுவில் யோசிக்க ஒண்ணு இருக்கு. அதுக்கு, இந்த மலையில் தன் முதல் பாட்டைப் பாடிய ஒரு மனிதரின் கதையைச் சொல்லணும். அவர் முத்துசுவாமி தீட்சிதர்.

1775-ல் திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசுவாமி தீட்சிதர், அம்மா சுப்பம்மா. ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து, வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. நோய் தீர்க்கும் வைத்தியநாதர் இருக்கிற அந்தக் கோயிலின் முருகன் பேர் முத்துக்குமாரசுவாமி. அந்தப் பேரையே குழந்தைக்கும் வைத்தார்கள். பிறகு குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் மணலிக்குக் குடிபோனது. அங்கே வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞராக இருந்த முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். சில வருஷம் அங்கே வேதாந்தமும் உபாசனையும் சங்கீதமும் கற்று, குரு மறைந்தபின் ஊர் திரும்பினார்.

திரும்பியவர் திருத்தணிக்கு வந்தார். ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் கற்கண்டு போட்டுவிட்டு மறைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதன்பின் மாயாமாளவகௌளையில் முதல் கீர்த்தனை பிறந்தது. கர்நாடக சங்கீதம் கத்துக்கப் போனால் முதல் பாடம் ஆரம்பிக்கிற அதே ராகம்தான். 'குருகுஹ' என்ற முத்திரையையும் இங்கேதான் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கோயில் கோயிலாகப் போனார், பாடினார், கடைசியில் திருவாரூரில் தங்கினார். சீடர்கள் பலர். தஞ்சை நால்வர் என்று நாம் கொண்டாடும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு அவரிடம் பயின்றவர்கள். திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பனும் ஒரு சீடர். நம்ம கதை இவரைப் பத்தினதுதான்.

தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று வலி. வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. கோயிலில் வாசிக்கவும் முடியாமல் போனது. வாசிப்பே வாழ்க்கையாக இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தீட்சிதர் ஜோதிடமும் அறிந்தவர். சீடரின் ஜாதகத்தைப் பார்த்து, குரு கிரகம் சரியில்லை என்றார். பரிகாரம் மந்திர ஜபம். ஆனால் அந்தக் காலக் கட்டுப்பாட்டில் தம்பியப்பனுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. வேறு யாரையாவது வைத்து ஜபம் செய்யச் சொல்லியிருக்கலாம். தீட்சிதர் அப்படிச் செய்யவில்லை. பிரகஸ்பதி மேல் அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றி, சீடருக்கே கற்றுக் கொடுத்து, தினமும் நீயே பாடு என்றார். பாடப் பாட வலி தீர்ந்தது என்கிறது மரபு. அதைத் தொடர்ந்து மற்ற கிரகங்களுக்கும் பாடினார், நவக்கிரக கீர்த்தனைகள் உருவாயின என்பார்கள்.

பாட்டு வயிற்று வலியைக் குணப்படுத்துமான்னு கேட்பீங்க. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வலி. அது என்ன வலி, எதனால் நின்றது என்று இன்னைக்கு யாராலும் சொல்ல முடியாது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. நோய்க்குக் காரணம் வானத்தில் இருக்கும் கிரகம் என்று தீட்சிதர் நம்பினார், சீடரும் நம்பினார். அதைவிடக் கைக்கு எட்டாத காரணம் இருக்க முடியுமா? விதின்னு சுருண்டு படுத்திருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்குள்ளேயே தம்பியப்பன் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. அந்தக் கீர்த்தனை திஸ்ர திரிபுடை தாளம்: மூணு, ரெண்டு, ரெண்டு, ஆக ஏழு அட்சரம். மத்தளக்காரருக்குத் தாளம் சொந்த வீடு மாதிரி. கிரகம் அவர் கையில் இல்லை, தாளம் அவர் கையில் இருந்தது.

பின்னாளில் உளவியலாளர்கள் இந்த இடத்தைத்தான் அளக்கப் பார்த்தார்கள். நம் வாழ்க்கையை நடத்துவது நாமா, வெளியே இருப்பதா என்ற நம்பிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று 1966-ல் ஜூலியன் ராட்டர் எழுதினார். 1978-ல் கென்னத் வால்ஸ்டன் குழு அதை உடல்நலத்துக்குக் கொண்டுவந்து மூன்றாகப் பிரித்தது: நான், மருத்துவர் போன்ற பிறர், தற்செயல். 1999-ல் கடவுளையும் சேர்த்தார்கள். 1984-ல் ஷெல்லி டெய்லரும் சக ஆய்வாளர்களும் மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களிடம் பேசினார்கள். நோயை நான் கட்டுப்படுத்த முடியும் என்று நம்பியவர்கள் மட்டுமல்ல, டாக்டரும் சிகிச்சையும் கட்டுப்படுத்தும் என்று நம்பியவர்களும் மனதளவில் நன்றாகச் சமாளித்தார்கள். நோய் குணமாவது பற்றிய கணக்கு இல்லை இது, அந்த நாட்களை எப்படிக் கடந்தார்கள் என்பது பற்றியது.

அதனால் படி ஏறுகிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மாத்திரையும் போட்டுக்கொண்டு, 365 படியும் ஏறினால் அவர் எதையும் இழக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஏறினால்தான் ஆபத்து. அதே மாதிரி, படுக்கையில் இருப்பவரிடம் போய் எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு, தைரியமா இருந்தா சரியாயிடும்னு சொல்லாதீங்க. சரியாகாவிட்டால் அது அவருடைய தப்பு என்று ஆகிவிடும். நோயோடு பழியையும் சேர்த்து அவர் ஏன் சுமக்கணும்?

தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். பக்கத்தில் இருந்த சீடர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனார் என்பார்கள். அவருடைய பாட்டுகள் சீடர்கள் வழியாகவே பிழைத்தன. 1904-ல் சுப்பராம தீட்சிதர் அவற்றைத் தொகுத்து எட்டயபுரத்திலேயே அச்சிட்டார்.

அடுத்த தடவை லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, அங்கே தாத்தாவோ அம்மாவோ நோயோடு இருந்தால், எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்யாதீங்க. மாத்திரை டப்பாவை அவங்களே பிரிச்சு வைக்கட்டும். என்ன சாப்பிடலாம்னு டாக்டர் சொன்ன பட்டியலில் இன்னைக்கு எதுன்னு அவங்களே சொல்லட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவங்களே எழுதட்டும். தம்பியப்பனுக்கு அவர் குரு கொடுத்ததும் இந்த மாதிரி ஒரு சின்ன வேலைதான்.