அளந்து வாசித்த மேதை

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

கவுண்ட் பேஸியின் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டபோது, இவருக்குப் பியானோ சரியாக வராது போலிருக்கிறது என்றே எண்ணினேன். விடுதி அறையில் நண்பன் போட்டுக் காட்டிய 1937-ஆம் ஆண்டு ஜாஸ் பதிவு அது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்குகின்றன. நடுவே பியானோவில் ஒரு சுரம்; சற்று மௌனம்; பிறகு இரண்டு சுரம். இதற்கா உலகப் புகழ்? அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அவர் வரலாற்றை அறிந்த பின்னரே உணர்ந்தேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் என்னும் ஊரில் 1904 ஆகஸ்ட் 21 அன்று பிறந்தவர் வில்லியம் பேஸி. கறுப்பினத்து எளிய குடும்பம். தாயார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துச் சம்பாதித்த காசில், பாடம் ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து மகனைப் பியானோ கற்கவைத்தார். மகனுக்கோ டிரம்ஸ் மீதுதான் மோகம். சன்னி கிரீர் என்ற இளைஞர் தம்மைவிட நன்றாக டிரம்ஸ் வாசிப்பதைக் கண்ட பிறகே பியானோவுக்குத் திரும்பினார். அந்தக் கிரீர் பின்னாளில் ட்யூக் எலிங்டன் குழுவில் புகழ்பெற்றவர். ஆகவே தோற்றது சாமானியரிடம் அல்ல!

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஃபேட்ஸ் வாலரிடம் ஆர்கன் கற்றார். ஊர் ஊராகச் சென்ற கேளிக்கைக் குழுவோடு பயணம் செய்து, 1927-ல் அக்குழு கலைந்துபோகவே, கேன்சஸ் சிட்டியில் தனியே நின்றார். இரவெல்லாம் இசை ஒலித்த அந்நகரமே அவரை உருவாக்கியது. 1929-ல் பென்னி மோட்டன் குழுவில் சேர்ந்தார்.

அக்குழு 1932 டிசம்பரில் கேம்டன் நகரில் பதிவுசெய்த இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டேன். திகைத்துப் போனேன். மழை கொட்டுவதுபோல் இரு கைகளும் பொழிகின்றன. பியானோ வராதவர் என்று நான் நினைத்தவரா இவர்? வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் விட்டவர் என்பது அப்போதுதான் விளங்கியது.

1935-ல் டான்சில் அறுவைச் சிகிச்சையின்போது மோட்டன் இறந்தார். பேஸி ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ரீனோ கிளப்பில் வாசிக்கலானார். வானொலி ஒலிபரப்பைச் சிகாகோவில் கார் ரேடியோவில் கேட்ட ஜான் ஹாம்மண்ட் என்ற ரசிகர் அவரைத் தேடி வந்தார். ஆனால் டெக்கா கம்பெனி முந்திக்கொண்டது. 24 பதிவுகளுக்கு 750 டாலர். ராயல்டி ஒரு காசும் இல்லை. அதைக் கவனியாமல் பேஸி கையெழுத்திட்டுவிட்டார். கவுண்ட் என்றால் பிரபு. பட்டம் மட்டும்தான் பிரபு! ஒப்பந்தச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கும் எனக்கு இந்த இடம் வந்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை. ஹாம்மண்ட் இசைக்கலைஞர் சங்கத்திடம் முறையிட்டார். சங்கம் நிர்ணயித்த கூலி கிடைத்தது, ராயல்டி கிடைக்கவில்லை.

அந்த அநியாய ஒப்பந்தத்தின் கீழ்த்தான் அந்த அற்புதங்கள் பிறந்தன. 1937 ஜூலை 7 அன்று பதிவான 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' அவற்றுள் தலையாயது. எழுதிவைத்து வாசித்ததன்று, மேடையில் வாசித்து வாசித்தே உருவானது. தொடக்கத்தில் பேஸி தனியே வாசிக்கிறார். சட்டென்று சுருதி மாறுகிறது, சாக்ஸபோன் நுழைகிறது. லெஸ்டர் யங்கும் பக் கிளேட்டனும் முறை வைத்துப் பாடுவதுபோல் வருகிறார்கள். கடைசியில் ஒவ்வொரு வாத்தியக் கூட்டமும் தனக்கென ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஊதுகிறது. எல்லாம் ஒரு இசைத்தட்டின் மூன்று நிமிடத்துக்குள்!

இத்தனைக்கும் அடியில் ஓடுவது தாளம். வால்டர் பேஜ் பெரிய பாஸ் வாத்தியத்தில் சீராக நடக்கிறார். ஃப்ரெடி கிரீன் கிதாரில் நான்கு அடியும் பிசகாமல் மீட்டுகிறார். ஜோ ஜோன்ஸ் தாளத்தின் பாரத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்துச் சிம்பல் தட்டுகளுக்குக் கொடுத்துவிட்டார். இந்த மூவர் இருக்க, இடக்கையால் தாளம் போடும் வேலை பேஸிக்கு ஏது? மற்றவர்க்கு இடம்விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டார்.

பின்னர் வந்த புகழும் விருதுகளும் பலர் அறிந்தவை. 1950-இல் பணநெருக்கடியால் பெரிய குழுவைக் கலைத்து, 1952-ல் மீண்டும் திரட்டினார். 1984 ஏப்ரல் 26 அன்று மறையும்வரை நடத்தினார். 1937-ல் சேர்ந்த கிரீன் அன்றும் உடனிருந்தார்.

சென்ற வாரம் அதே இசைத்தட்டைப் பக்கத்து அறைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். குழுத்தலைவர் எப்போது வாசிப்பார் என்று கேட்டான். பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.