தஞ்சைக் கோயிலைத் தாளில் காத்தவர்

தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஏராளம். அந்த முன்னோர் கும்பிட்ட கோயில்களின் 1858-ஆம் ஆண்டுப் படங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப்.

1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கம்பெனியின் மதராஸ் படை அதிகாரியாக இருந்து, 1856-இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரரானார். மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பெரும்பாலும் மெழுகு பூசிய தாளில்தான் நெகட்டிவ் எடுத்தார். வானம் வெறுமையாக விழுந்தால் அதில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டினார்.

படம் எடுப்பதைவிட அச்சிடுவதுதான் பெரும்பாடு. அலசல் குறைந்தால் தாளில் தங்கும் மருந்து படத்தை அரித்துவிடும். தங்க உப்புக் கரைசலில் ஊறிய படத்துக்கோ ஆயுள் கூடும். டிரைப் அந்தச் செலவுக்கு அஞ்சவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக அச்சிட்டு, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார்.

1859-இல் புதிய ஆளுநர் சார்ல்ஸ் டிரெவெலியன், இது வீண் செலவென்று வேலையை நிறுத்தச் சொன்னார். மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்றோ! அதன்பின் டிரைப் கேமராவை அதிகம் தொடவில்லை; 1902-இல் காலமானார். அவருடைய படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன.