ரீட்டா ஹேவொர்த்: குடிபோதை என்று ஊரே சொன்னது... உண்மையில் என்ன நோய்?

‘ஷஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படம் பார்த்தவங்களுக்கு அந்த போஸ்டர் மறந்திருக்காது. ஹீரோவின் சிறைச் சுவரில் முதலில் ஒட்டப்படும் நடிகைதான் ரீட்டா ஹேவொர்த்.

1918-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஸ்பெயினிலிருந்து வந்த நடனக் கலைஞர். மகளும் சின்ன வயசிலேயே மேடை ஏறிவிட்டார். 1946-ல் வந்த ‘கில்டா’ அவரை ஹாலிவுட்டின் உச்சிக்குக் கொண்டுபோனது. ஐந்து திருமணங்கள், ஐந்தும் விவாகரத்து. பத்திரிகைகளுக்கு அது போதுமான தீனி.

யாருக்கும் பிடிபடாமல் இருந்தது அவருடைய மறதி. 1972-ல் வெளியான கடைசிப் படத்தில் வசனம் மனசில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துத்தான் எடுத்தார்கள். அப்போது வயசு 53 தான். திடீர் கோபம், குழப்பம் எல்லாம் இருந்தது. குடிப்பழக்கமும் இருந்ததால், மொத்தப் பழியும் அதன் மேலேயே விழுந்தது.

1976-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தலை கலைந்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவர்போல இறங்கினார். அந்தப் படங்கள் உலகம் முழுக்க வெளியாகின. போதை என்று முடிவுகட்டிவிட்டார்கள். நோயாளி ஒருவரை இப்படி வேடிக்கை பார்த்தது கொடுமைதான். ஆனா நோய் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அல்சைமர் என்ற பெயரையே பலர் கேள்விப்பட்டதில்லை.

1980-ல்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. ஆனாலும், அம்மா வேண்டுமென்றே இப்படி நடந்துகொள்ளவில்லை என்பது வீட்டாருக்குத் தெளிவானது.

1981-ல் நீதிமன்றம் ரீட்டாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகள் யாஸ்மின் ஆகா கானிடம் கொடுத்தது. மகளுக்கு அப்போது 31 வயசு. நியூயார்க்கில் தன் வீட்டை ஒட்டிய அபார்ட்மென்ட்டிலேயே அம்மாவைத் தங்கவைத்தார். பெற்ற மகளையே அடையாளம் தெரியாத நிலைக்கு அம்மா போய்க்கொண்டிருந்தார். இதை யாஸ்மின் மறைக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார். அல்சைமர் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட, அம்மா பெயரிலேயே விழா நடத்தத் தொடங்கினார். பிரபலங்களின் வீட்டு நோய் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்ட காலம் அது.

1987 மே 14-ல், 68 வயதில் ரீட்டா காலமானார். இந்த நோயைப் பற்றி வெளியே பேசிய அவரது குடும்பத்தின் துணிச்சலை அன்றைய அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் பாராட்டினார். 7 ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், தனக்கும் அல்சைமர் வந்திருப்பதாக நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதினார் அதே ரீகன்.