கற்பலகையில் அழிந்த படிகள்

உக்கடத்தில் வாழும் நமக்குக் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் அயலவர் அல்லர். கோவைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தவர் அவர். வளர்ந்ததும் பயின்றதும் கும்பகோணத்தில். தந்தையார் அங்கே சேலைக்கடைக் கணக்கர்.

பள்ளி நாளிலேயே, 1903 அளவில், ஆங்கிலேயர் கார் தேர்வு மாணாக்கர்க்கெனத் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு எட்டியது. அதில் ஐயாயிரத்தை ஒட்டிய முடிவுகள் அணிவகுத்து நின்றன. நிறுவல்களோ பெரும்பாலும் குறிப்பளவே. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தலைப்பட்டார் இளைஞர். தாள் வாங்கப் பொருளில்லை. கற்பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்தார். படிகள் பலகையோடு அழிந்தன. அவர் நிறுவலே அறியாதவர் என்பாரும் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அழிந்தது வேறு, இல்லாதது வேறு.

பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போயிற்று, 1907இல் எஃப்.ஏ. தேர்வும் கைகூடவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு முடிவுகள் பலவற்றை எழுதியனுப்பினார். ஹார்டி வியந்தார், உடனே நிறுவல்களைக் கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. பகா எண்களின் எண்ணிக்கையைக் கணிக்க இராமானுஜன் கண்ட சூத்திரம் உண்மைக்கு மிக நெருங்கி வந்தும், அவர் கருதிய துல்லியம் அதற்கு இல்லை. எத்துணை எண்களுக்குப் பொருந்தினும் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்பதற்கு மூன்றும் ஐந்தும் எட்டு என்று காட்டினால் போதுமா? ஒவ்வொன்றையும் இரண்டின் மடங்கோடு ஒன்று எனக் கொண்டு கூட்டுக. எஞ்சிய இரு ஒன்றுகளும் சேர்ந்து இரண்டாகிவிடும். எந்த ஒற்றைப்படை எண்ணும் இதற்குத் தப்பாது. நம் பத்தாம் வகுப்பு மாணவர் விடையை மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பதும் இப்படியை விடுவதால்தான்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், 1918இல் இராயல் கழக உறுப்பினரானார். ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்பதனை செபிஷேவ் என்ற உருசிய அறிஞர் முன்பே நிறுவியிருந்தார். 1919இல் இராமானுஜன் வெளியிட்ட நிறுவல் அதனினும் எளியது. இரண்டொரு பக்கமே கொண்டது.

அவ்வாண்டே நோயுடன் தாயகம் திரும்பினார். நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியிலும், காவிரிக்கரையில், சில காலம் தங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகளில் விடுபட்ட நிறுவல்களை அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் பிற அறிஞர் துணையுடன் திரட்டி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.